ஓட்டை போடாத தாள்

அந்த இன்சூரன்ஸ் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், ஜன்னலோரத்து மூன்றாவது மேசையில் உட்கார்ந்திருந்த அம்மாளின் சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவள் ஊசியம்மா. மேனேஜர்கள் எட்டுப் பேர் மாறினார்கள், கம்ப்யூட்டர் வந்தது, லிஃப்ட் வந்தது, வந்த லிஃப்ட் கெட்டும் போனது. ஊசியம்மாவின் ஊசி மட்டும் மாறவில்லை.

வேலை இதுதான். அச்சாகி வரும் பாலிசித் தாள்களை வரிசையாக அடுக்க வேண்டும். மூலையில் பஞ்சிங் மெஷினால் இரண்டு ஓட்டை போட வேண்டும். சாக்குத் தைக்கிற அளவுக்குத் தடித்த ஊசியில் நூல் கோத்து, இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, முடிச்சின் மேல் அரக்கை உருக்கி விட்டு முத்திரை குத்த வேண்டும். ஸ்டேப்ளர் அடித்தால் கம்பெனியின் கௌரவம் குறைந்துவிடும் என்று தலைமை அலுவலகத்தில் எந்தப் புண்ணியவானோ எந்தக் காலத்திலோ எழுதிவைத்துவிட்டான். அதை மாற்ற யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை. இருபத்தாறு வருடமாக அவள் தைத்தாள். அவள் போட்ட முடிச்சை அவிழ்ப்பதைவிடத் தாளையே கிழித்துவிடலாம் என்று கேலி பேசுவார்கள். அந்தக் கேலியில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை.

சாதாரண பாலிசி என்றால் கை தானாகவே தைத்துவிடும். கூட்டு பாலிசிதான் கவனம் கேட்கும். பெரிய சொத்து, பற்றிக்கொண்டால் மிச்சம் வைக்காத சரக்கு என்றால் எந்தக் கம்பெனியும் முழுச் சுமையையும் தன் ஒரு தலையில் ஏற்றிக்கொள்ளாது. இரண்டு மூன்று கம்பெனிகள் சேர்ந்து ஒரே பாலிசியாகக் கொடுக்கும். முன்னால் நிற்கிற கம்பெனியின் முத்திரை முதல் பக்கத்தில் பளிச்சென்று இருக்கும். யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது கடைசியில் வரும் ஒற்றைத் தாளில் இருக்கும். அதற்குப் பங்குத் தாள் என்று பெயர். பக்க எண்கூடக் கிடையாது, பார்த்தால் உப்புக்குச் சப்பாணி மாதிரி இருக்கும். ஆனால் சட்டம் அந்தத் தாளைத்தான் கேட்கும். வாடிக்கையாளர் கைக்குப் போன பாலிசியில் பங்குத் தாள் இருந்தால், அவரவர் பங்குக்கு அவரவர் மட்டும் பொறுப்பு. ஒருவன் கைவிரித்தால் இன்னொருவன் அதைச் சுமக்க வேண்டியதில்லை. அந்தத் தாள் இல்லாமல் பாலிசி போயிருந்தால், முதல் பக்கத்தில் முத்திரை குத்தியவன் முழுத்தொகையையும் கொடுத்துவிட்டு, மற்றவர்களிடம் தானே போய் மல்லுக்கட்டி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இருபத்தாறு வருடத்தில் ஊசியம்மா பங்குத் தாளை ஒரே ஒரு முறைதான் விட்டாள்.

நான்கு வருடத்துக்கு முன்னால், ஒரு முற்பகல். மெத்தைப் பட்டறை ஒன்றுக்கு மூன்று கம்பெனி சேர்ந்து கொடுத்த ஐந்து வருடத் தீ விபத்து பாலிசி அவள் கையில் இருந்தது. ஆறு தாளுக்கு ஓட்டை போட்டாயிற்று. ஏழாவதாகப் பங்குத் தாளை எடுக்கும்போது தொலைபேசி அடித்தது. அவள் கணவர் பஸ் கண்டக்டர். ஓடுகிற பஸ்ஸில் மயங்கி விழுந்துவிட்டார், சிறுநீரகம் இரண்டும் கிட்டத்தட்ட போய்விட்டது என்று யாரோ அந்நியக் குரல் சொன்னது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் பாழாய்ப்போன பழக்கம் ஓடியது. கையில் இருந்த ஆறு தாளையும் தைத்து, அரக்கு வைத்து, கூரியர் தட்டில் போட்டுவிட்டுத்தான் படியிறங்கினாள்.

ஐந்தாம் நாள் திரும்பி வந்தபோது மேசையில் விரித்திருந்த அட்டைக்கு அடியில் அந்தத் தாள் இருந்தது. வாடிக்கையாளர் பிரதி என்ற சிவப்பு முத்திரையோடு, மூலை முழுசாக. போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்போதிருந்த மேனேஜர் ஒரு கமா விட்டுப்போனாலே விளக்கம் கேட்டு எழுதுகிறவர். அவளுக்கோ அந்த மாதம் முழுக்க விடுப்பு வேண்டியிருந்தது. 'எந்தப் பட்டறை எரியப் போகுது?' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, இழுப்பறைக்குள் விரித்திருந்த காகிதத்தின் அடியில் அதைச் செருகிவிட்டாள்.

பட்டறை எரிந்தது.

மூன்றாவது வருடம் ஒரு மத்தியான வேளையில் மின்கம்பியில் பொறி பறந்து, பஞ்சும் ஃபோமும் அடுக்கிய கூடம் அரைமணி நேரத்தில் கருகிப்போனது. ஊசியம்மாவின் கம்பெனி தன் பாதிப் பங்குக்குச் சம்மதித்தது. இரண்டாவது கம்பெனி, மின்கம்பி பழசு என்று சொல்லிப் பிடி கொடுக்காமல் நழுவியது. மூன்றாவதுதான் எல்லோரையும் மிஞ்சியது. உரிமம் ரத்தாகி, கதவில் பூட்டுப் போட்டுக்கொண்டு, ஆளே இல்லாமல் போய்விட்டது.

அதன் பிறகு மெத்தைக்காரர் நடையாய் நடந்தார். வயது ஐம்பது இருக்கும். தீயில் வெந்த வலது உள்ளங்கையை முழுசாக விரிக்க முடியாது. ஒரு பிளாஸ்டிக் பையில் பாலிசித் தாள்களைத் தனித்தனியாக வைத்திருந்தார். தகரப் பெட்டியோடு வெந்து மூலை கருகியதில் நூல், முடிச்சு, அரக்கு எல்லாம் எரிந்து, தாள்கள் பிரிந்து போயிருந்தன. வருகிற நாளெல்லாம் ஊசியம்மாவின் மேசைக்கு எதிர் பெஞ்சில்தான் உட்காருவார். அவர் மேனேஜரைப் பார்க்கக் காத்திருப்பார், அவள் அவரைப் பார்க்காமல் இருக்கப் பாடுபடுவாள்.

"இந்த மெத்தையில உள்ள இருக்கிறது ஃபோமே இல்லம்மா. வெட்டிப்போட்ட தூள்" என்பார், பெஞ்சை அழுத்திப் பார்த்து. "பட்டறை திரும்ப எந்திரிக்கட்டும். உங்க நாற்காலிக்கும் சேர்த்து நானே தச்சுத் தர்றேன்."

"முதல்ல உங்க வேலை நடக்கட்டும் தம்பி. தண்ணி குடிக்கிறீங்களா?"

அவருக்கு அந்த அலுவலகத்தில் கிடைத்ததெல்லாம் அந்தத் தண்ணீர்தான். அதற்கே அவர் கண் கலங்கும். ஊசியம்மாவுக்கு அதைப் பார்க்கத் தாங்காது. அன்று வீட்டுக்குப் போனால் சாப்பாடு இறங்காது.

பாதித் தொகையில் பட்டறை எழும்பாது. அது யாருக்கும் தெரிந்த விஷயம். பட்டறையும் வீடும் ஒரே மனையில் இருந்தன, மனை பாங்கில் இருந்தது. பாங்கு ஆறு மாதம் பொறுத்துவிட்டு, ஏலத்துக்கு நாள் குறித்துவிட்டது. வேறு வழியில்லாமல் மெத்தைக்காரர் இன்சூரன்ஸ் குறைதீர்க்கும் அதிகாரியிடம் ஒரு மனு கொடுத்தார். மனுவில் சட்டம் ஒன்றும் இல்லை, அழுகைதான் இருந்தது. ஆனால் அந்த அதிகாரி அம்மாள் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டுக் கேட்டாராம்: "இதுல பங்குத் தாளே இல்லையே?"

அந்தக் கேள்வி அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த அன்று ஊசியம்மா இழுப்பறையை இரண்டு முறை பூட்டிப் பார்த்தாள்.

மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். முப்பத்தைந்து வயதுக்காரர், நல்ல பிள்ளை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"உட்காருங்க மேடம். நம்ம ஆபீஸ் பிரதியில பங்குத் தாள் இருக்கு. அவர்கிட்ட இருக்கிற பிரதியில இல்லை. தீப்பிடிச்சப்போ போயிருக்கும். தச்சவங்க எழுதிக் குடுக்கணும்னு அதிகாரி கேக்குறாங்க. நீங்க பொய் எதுவும் சொல்ல வேண்டாம். நீங்க பங்குத் தாளை விடுற ஆளா?"

"இல்ல சார்."

"அவ்வளவுதான். அதை எழுதிக் குடுத்துடுங்க. இல்லேன்னா மூணு கம்பெனி பாரமும் நம்ம தலையில விழும். தலைமை ஆபீஸ்ல யார் கவனக்குறைவுன்னு ஆள் தேடுவாங்க. உங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம்தானே சர்வீஸ்?"

இரண்டு வருடம் மூன்று மாதம். அதை நாள் கணக்கிலும் அவளால் சொல்ல முடியும். வேலையிலிருந்து முறையாக ஓய்வு பெற்றால் ஊழியர் மருத்துவ அட்டை ஆயுள் முழுக்க உண்டு, கணவருக்கும் உண்டு. நடுவில் துரத்தப்பட்டால் அட்டை கிடையாது. அந்த அட்டையை நீட்டித்தான் செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று முறை கண்டக்டரின் ரத்தத்தை மெஷினில் விட்டுச் சுத்தம் செய்து கொண்டிருந்தார்கள். அட்டை இல்லாமல் அதைச் செய்துகொள்ள அவர்கள் எதை விற்பது? வாடகை வீட்டுச் சுவரையா?

அவள் எழுதிக் கொடுத்தாள். "மேற்படி பாலிசியில் பங்குத் தாளை நானே என் கையால் ஓட்டையிட்டுத் தைத்தேன்." கையெழுத்து நடுங்கவில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய அதிர்ச்சி.

அன்று சாயங்காலம் இழுப்பறைக் காகிதத்தைத் தூக்கி அந்தத் தாளை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள், வீட்டில் கிழித்துப் போட. வீட்டில் கணவர் கட்டிலில் சாய்ந்து, ஒரு நாளைக்கு அனுமதித்த தண்ணீரை ஒரு சின்னக் கிளாஸில் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? டிக்கெட் எடுக்காம ஏறி, செக்கிங்ல மாட்டுன மாதிரி?"

"ஒண்ணுமில்லங்க. தலைவலி."

"தைலம் தேய்ச்சுக்க. எனக்குக் குடுக்க வேண்டிய தண்ணியில நீ ரெண்டு வாய் குடிச்சுக்கோ, நான் கோவிச்சுக்க மாட்டேன்."

அவள் சிரித்தாள். சமையலறைக்குப் போய், அடுப்பைப் பற்றவைத்து, தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். கொளுத்தினால் தீர்ந்தது. ஆனால் தீயின் பக்கம் அதைக் கொண்டுபோகும்போதெல்லாம் விரியாத அந்த உள்ளங்கைதான் முன்னால் வந்தது. அந்த ஆள் எரிகிற பெட்டிக்குள் கையை விட்டது இந்தத் தாள்களுக்காகத்தான். கொளுத்தவும் முடியாமல், வைத்திருக்கவும் முடியாமல் மறுபடியும் கைப்பைக்குள்ளேயே வைத்தாள். நாளைக்குக் கிழித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அடுத்த நாளும் அதையேதான் நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை விசாரணை. ஒரு நீள மேசை, ஆறு நாற்காலி, சத்தம் போடுகிற ஒரு மின்விசிறி. தலை நரைத்த அதிகாரி அம்மாள் எல்லாத் தாளையும் வரிசையாகப் பரப்பியிருந்தார். ஒரு பக்கம் மேனேஜரும் ஊசியம்மாவும். எதிர்ப்பக்கம் மெத்தைக்காரர், தனியாக, மடியில் காலிப் பிளாஸ்டிக் பையோடு. சலவை செய்த சட்டை போட்டிருந்தார். வலது கை பொத்தானைப் போட வராததால் இடது பக்கத்துக் கைமடிப்பு தொங்கியது.

அதிகாரி ஊசியம்மா எழுதிக் கொடுத்ததைச் சத்தமாக வாசித்தார். பிறகு மெத்தைக்காரரைப் பார்த்தார்.

"பங்குத் தாளைச் சேர்த்துத் தச்சதா இவங்க எழுதிக் குடுத்திருக்காங்க. உங்க கைக்கு வந்தப்போ அந்தத் தாள் இருந்துச்சா, இல்லையா? இதை நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இதுலதான் உங்க கேஸே இருக்கு."

'இல்லைன்னு சொல்லு' என்று ஊசியம்மா மனசுக்குள் கெஞ்சினாள். 'நீயாவது சொல்லு. நீ சொன்னா அவங்க உன்னை நம்பட்டும், என்னை நம்பாம போகட்டும்.'

மெத்தைக்காரர் மடியிலிருந்த காலிப் பையை மடித்தார்.

"எத்தனை தாள்னு நான் எண்ணிப் பார்க்கலைங்க. வந்தது, பெட்டியில வச்சேன். எரியும்போது கையை விட்டு எடுத்தேன். ஒரு தாள் காத்துல பறந்துச்சுன்னு என் வீட்டுக்காரி அன்னையிலேர்ந்து சொல்லிக்கிட்டே இருக்கா. நான் இல்லைன்னு சண்டை போட்டேன். இப்ப..." அவர் ஊசியம்மாவின் பக்கம் திரும்பினார். "இந்தம்மா தச்சேன்னு சொன்னா, தச்சிருப்பாங்க. பதினாலு மாசமா அந்த ஆபீஸ்ல எனக்குத் தண்ணி குடுத்தது இவங்க ஒருத்தர்தான். நான்தாங்க தொலைச்சிருக்கேன். என் வீட்டை நானே தொலைச்சிருக்கேன். உங்களை இங்க வரைக்கும் இழுத்துட்டு வந்ததுக்கு மன்னிச்சுக்கம்மா."

மேனேஜர் மெல்ல மூச்சு விட்டார். அதிகாரி பேனாவை எடுத்தார்.

தன் எழுத்தால் அந்த ஆளின் வீடு போவதை ஊசியம்மா ஏற்கெனவே தாங்கிக்கொண்டு விட்டாள். அவரே தன்னைத் திருடனைப் போலக் காட்டிக்கொடுத்து, அதற்கு அவளிடமே மன்னிப்பும் கேட்பதைத் தாங்க முடியவில்லை. இனி ஆயுளுக்கும் அந்த வீட்டில் அவரும் அவர் மனைவியும் பறக்காத ஒரு தாளுக்காகச் சண்டை போட்டுக்கொண்டே இருப்பார்கள்.

கை அவளைக் கேட்காமலே கைப்பையைத் திறந்தது.

"மேடம், அவர் தொலைக்கலை." அவள் அதை நீட்டினாள். "தாள் என்கிட்ட இருக்கு."

"மேடம்..." என்றார் மேனேஜர், கெஞ்சுகிற குரலில். "உட்காருங்க மேடம்."

அதிகாரி தாளை வாங்கினார். பாலிசி எண்ணைப் பார்த்தார். சிவப்பு முத்திரையைப் பார்த்தார். இது தைத்த பாலிசியிலிருந்து பிறகு உருவிய தாளாக இருக்கலாமே, எப்படி நம்புவது என்று கேட்டார்.

"மூலையைப் பாருங்க மேடம். தச்ச தாள்னா ஓட்டை இருக்கும். இதுல இல்லை. நான் போடவே இல்லை. அன்னைக்கு என் வீட்டுக்காரர் விழுந்துட்டாருன்னு போன் வந்துச்சு. ஆறோட தச்சு அனுப்பிட்டேன். அப்புறம் தெரிஞ்சும் ஒளிச்சு வச்சுட்டேன். எழுதிக் குடுத்தது பொய்."

அதிகாரி எழுந்து ஜன்னலோரம் போய் அந்த மூலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, விரலால் தடவியும் பார்த்தார். மெத்தைக்காரருக்கு என்ன நடக்கிறது என்று முதலில் புரியவில்லை. புரிந்தபோது அவர் சந்தோஷப்படவில்லை, "ஏம்மா..." என்று மட்டும் சொல்லிவிட்டு அந்த விரியாத கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

நடைவழியில் மேனேஜர் சுவரில் சாய்ந்து நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் திட்டவில்லை.

"முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாமே மேடம்."

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க சார்? தாளைக் கிழிக்கச் சொல்லியிருப்பீங்களா?"

அவர் சட்டைப் பையில் வண்டிச் சாவியைத் தேடினார். பிறகு வண்டியை வெளியே எடுக்கப் போய்விட்டார்.

சாயங்காலமே இரண்டு உத்தரவு வந்தன. முத்திரை குத்திய கம்பெனி முழுத்தொகையையும் மெத்தைக்காரருக்கு முப்பது நாளில் கொடுக்க வேண்டும், மற்ற இருவர் பங்கைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதிகாரி கொடுத்தது. தவறை மறைத்ததற்கும் பொய் வாக்குமூலத்துக்கும் பணிநீக்கம் என்பது தலைமை அலுவலகம் கொடுத்தது. ஒரு விஷயத்தை முடிவு செய்ய மூன்று மாதம் எடுக்கிற தலைமை அலுவலகம், இதற்கு மூன்று மணி நேரம்கூட எடுக்கவில்லை. மருத்துவ அட்டை இந்த மாதக் கடைசி வரை செல்லும் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது. அவள் ஊசியை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

கணவரிடம் அன்று சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் சனிக்கிழமை காலை, டயாலிசிஸ் வார்டில், அவர் கையில் இரண்டு ஊசியும் ஏறி, குழாயில் ரத்தம் ஓடத் தொடங்கிய பிறகுதான் சொன்னாள். ஒன்றையும் விடாமல், தொலைபேசி அடித்ததிலிருந்து சொன்னாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

கேலிக்காரர், எதிலும் ஒரு டிக்கெட்டைக் கிழித்துப் போடுகிறவர், இதில் ஒன்றும் அகப்படாமல் படுத்திருந்தார்.

"எனக்குப் பயமா இருக்கும்மா" என்றார் கடைசியில்.

"எனக்கும்தாங்க."

"அந்த ஆளுக்கு வீடு மிஞ்சுமா?"

"மிஞ்சும். ஏலத்தை நிறுத்திட்டாங்களாம்."

"உம்." ஊசி ஏறாத கையால் அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டார். "நமக்கு இன்னும் எத்தனை தடவை?"

அவள் நேற்றிலிருந்து அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள். "இன்னைக்குப் போக ஒன்பது."

அவர் தலையாட்டினார். பிடியை விடவில்லை. அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, அடுத்த கட்டில்காரருக்குக் கேட்காமல் அழுதாள். எங்கே போவது, யாரைக் கேட்பது, எந்த அரசு ஆஸ்பத்திரியில் எத்தனை மாதம் வரிசையில் நிற்பது, அதுவரை இந்த உடம்பு தாங்குமா?

நர்ஸ் பெண் கையில் அட்டவணையோடு வரிசையாகக் கட்டில்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான்கு வருடப் பழக்கம், இவர்கள் வீட்டுப் பெண் மாதிரி.

"அங்கிள், அடுத்த மாசத்துக்கு நேரம் குறிச்சுக்கிட்டிருக்கேன். உங்களுக்கு இதே செவ்வாய், வியாழன், சனிதானே? எழுதிக்கட்டுமா?"

ஊசியம்மா வாயிலிருந்து முந்தானையை எடுத்து, இல்லையென்று சொல்ல உதட்டைத் திறந்தாள். அவர் அவள் விரலை அழுத்தி நிறுத்தினார்.

"எழுதிக்கோம்மா" என்றார்.